அப்பாவின் மீசையும் அழியற மையும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அதைவிட அதிகம். இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு நண்பன். நேத்து ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி, "மாப்ள, வீட்டு பிரிண்டர்ல போட்டோ போட்டா மை ஈஷுதுடா, பிரிண்டரைத் தூக்கிப் போட்டுடவா?"ன்னான்.

"இருடா. கருப்பு மட்டும் ஈஷுதா, எல்லாக் கலருமா?"

எதிர்முனையில அமைதி. "பெரிய எஞ்சினியர் மாதிரி கேக்கறியே, எப்போலேர்ந்து?"

எஞ்சினியரும் இல்ல ஒண்ணும் இல்ல மக்களே. இந்தக் கேள்வியைக் கத்துக்க எனக்கு ஏழு ஷீட் போட்டோ பேப்பர் செலவாச்சு. ஏழுலயும் எங்கப்பா. அந்தக் கதையை எங்கயும் எழுதினதில்ல. கொசுவர்த்தியைச் சுத்திக்கோங்க, 2023 நவம்பருக்குப் போவோம்.

அப்பா போனது 2022 ஐப்பசி. மின்சார வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். விழுப்புரம், பண்ருட்டி பக்கமெல்லாம் முப்பது வருஷம் வெயில்ல கம்பம் கம்பமா அலைஞ்ச உடம்பு. நிறமும் அதுக்கேத்த மாதிரி. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவசர அவசரமா ஒரு ஸ்டூடியோவுல பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் குடுத்து, பெருசு பண்ணி ஃபிரேம் போடச் சொன்னோம். அந்தத் தம்பி நல்ல மனசோட அப்பாவுக்கு ஒரு கோட்டு மாட்டி, பின்னாடி நீல வானம் வெச்சு, மூஞ்சியை பவுடர் டப்பாவுல முக்கி எடுத்த மாதிரி வெள்ளையாக்கிக் குடுத்துட்டார். அம்மா பார்த்துட்டு, "யார்ரா இது?"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. மாலை போட்டாங்க, விளக்கு ஏத்தினாங்க, ஆனா ஒரு வருஷமா அந்தப் படத்தை நேருக்கு நேர் பார்த்து நான் பார்த்ததில்ல.

முதல் வருஷத் திதிக்கு நாலு நாள் முன்னாடி அம்மா வந்து நின்னாங்க. "பண்ருட்டி கல்யாணத்துல பாப்பா போன்ல புடிச்சாளே, அந்தப் படத்தைப் போட்டுக் குடுடா. அவரு இருந்த மாதிரியே. கடைக்குக் குடுக்காத, அவனுங்க கழுவி விட்டுடுவானுங்க."

அந்தப் படம் எனக்கும் புடிக்கும். 2022 வைகாசியில எடுத்தது. பந்தி முடிஞ்சு பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து, சட்டைப் பையில பேனாவோட, யாரோ சொன்னதுக்கு வாய்விட்டுச் சிரிக்கிறார். நடுவுல அந்த மீசை. தலை மொத்தமும் நரைச்சப்புறமும் மீசை மட்டும் கன்னங்கரேல்னு இருக்கும். டை அடிக்கிறதில்ல. ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, அவரும் விட மாட்டார். வேணும்னா துணியைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சுப் பாருன்னு மூஞ்சியை நீட்டுவார்.

வீட்டுல பிரிண்டர் இருக்கு. 2020 லாக்டவுன்ல பொண்ணோட ஆன்லைன் கிளாஸுக்காக வாங்கினது, நாலு மைத் தொட்டி வெச்சது. ரிச்சி தெருவுல இருபது ஷீட் ஏ4 பளபள போட்டோ பேப்பர் ஒரு பாக்கெட் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை திதி. வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். போன்லேர்ந்தே பிரிண்ட் குடுத்தேன்.

முதல் ஷீட் வெளிய வந்தப்போ எனக்கே தொண்டை அடைச்சுது. அவ்வளவு நல்லா வந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். ரெண்டு கையிலயும் வாங்கி, கன்னத்தைக் கட்டைவிரலால ஒரு தடவு தடவினாங்க. விரலோட மீசையும் போச்சு. உதட்டு மேலேர்ந்து காதுவரைக்கும் கரிக்கோடு. அம்மா விரலைப் பார்த்தாங்க. முந்தானையில தொடைக்கப் போனவங்க தொடைக்காம அப்படியே எழுந்து உள்ள போயிட்டாங்க.

ஈரம் காயலைன்னு நினைச்சு ரெண்டாவது ஷீட் போட்டு ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில வெச்சேன். நானே தொட்டேன். போச்சு. எரிச்சல்ல கசக்கிக் குப்பைக் கூடையில எறிஞ்சுட்டுப் படுத்துட்டேன்.

காலையில பார்த்தா அம்மா அதைக் கூடையிலேர்ந்து எடுத்து, டைனிங் டேபிள் மேல வெச்சு உள்ளங்கையால நீவிக்கிட்டிருக்காங்க.

"குப்பையிலயாடா போடுவ அவரை?"

என்னத்தச் சொல்ல. ரெண்டு ஷீட்டையும் தினத்தாளுக்கு நடுவுல வெச்சு பீரோ மேல ஏத்திட்டாங்க. அதுலேர்ந்து எனக்கு வயித்துல புளி கரைக்க ஆரம்பிச்சுது. இனிமே ஒவ்வொரு சொதப்பலுக்கும் ஒரு அப்பா பீரோ மேல ஏறுவார்.

அன்னிக்கு லீவ் போட்டுட்டேன். முதல்ல பேப்பர் பக்கம் சரியான்னு பார்த்தேன். போட்டோ பேப்பர்ல காகிதத்துக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் இருக்கும், மையை வாங்கிக்கிற பூச்சு ஒரு பக்கம் மட்டும்தான். தப்பான பக்கத்துல அடிச்சா மை போக்கிடம் இல்லாம முத்து முத்தா நிக்கும். விரலை லேசா ஈரமாக்கி ஒரு மூலையில தொட்டா, ஒட்டற பக்கம்தான் அடிக்க வேண்டிய பக்கம். தொட்டேன், ஒட்டுச்சு. பக்கம் சரிதான். மூணாவது ஷீட். மீசை போச்சு.

அடுத்து எல்லாரும் பண்ற தப்பை நானும் பண்ணேன். ஹெட் கிளீனிங். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். ஹெட் கிளீனிங்ங்கிறது அடைச்சுக்கிட்ட துளைக்கு வைத்தியம். படத்துல கோடு கோடா வெள்ளை விழுந்தா, ஒரு கலர் வரவேயில்லன்னா அதைப் பண்ணலாம். ஈஷறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சொல்லப்போனா கெடுதல். தொட்டி மையை உறிஞ்சி எடுத்து உள்ள இருக்கிற கழிவுப் பஞ்சுல கொட்டும். அந்தப் பஞ்சுக்கு ஒரு கணக்கு இருக்கு, நிறைஞ்சுதுன்னு கணக்கு சொன்னா பிரிண்டர் வேலைநிறுத்தம் பண்ணிடும். போதாக்குறைக்கு ஹெட்டோட அடிப்பக்கம் மை திரண்டு நின்னு புதுசா ஒரு ஈஷலை உண்டாக்கவும் வாய்ப்பிருக்கு.

(உபரித் தகவல்: மையைச் சூடாக்கித் துப்பற வகை பிரிண்டர் பிறந்ததே ஒரு விபத்துல. 1977ல கேனன் ஆராய்ச்சிக்கூடத்துல சூடான சால்டரிங் அயர்ன் ஒண்ணு, மை நிரப்பின சிரிஞ்சோட ஊசியில தெரியாம பட்டுச்சு. மை பிய்ச்சுக்கிட்டு வந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டு வளர்த்ததுதான். இப்போ போட்டோ பிரிண்டர் துப்பற துளி ரெண்டு மூணு பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காப் போட்டா ஒரு பங்குதான் ஒரு பிக்கோலிட்டர். அந்தத் துளிதான் எங்கம்மா கட்டைவிரல்ல ஒட்டிக்கிச்சு.)

நாலாவது ஷீட். அதேதான். பீரோ.

இதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. அப்பாவை வெச்சு ஏன் சோதனை பண்ணணும்? ஒரு ஷீட்டைப் பாதியா வெட்டி என் போட்டோவைப் போட்டேன். பத்து நிமிஷம் விட்டுத் தேய்ச்சேன். ஈஷலை! நல்லா அழுத்தித் தேய்ச்சேன். புருவம் லேசா இழுத்த மாதிரி இருந்துது, கவனிக்கலை. ஆஹா, நாலு கிளீனிங் வேலை செஞ்சுடுச்சுடான்னு குதிச்சு, அப்பாவைப் போட்டேன். அஞ்சாவது ஷீட்.

மீசை போச்சு.

நான் தலையில கைவெச்சு உட்கார்ந்திருக்க, ஸ்கூல்லேர்ந்து வந்த பொண்ணு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா. எட்டாவது படிக்கிறா. "அப்பா, உனக்கு மீசை இல்ல. தலையிலயும் ஒண்ணும் இல்ல."

"ஏய், நானே நொந்து போயிருக்கேன்..."

"அதில்லப்பா. கருப்பா இருக்கிற இடம்தான் அழியுது. தாத்தா சட்டை அழியலை, பின்னாடி வாழைமரம் அழியலை. பேனா மூடி அழியுது பாரு. மீசை அழியுது. உன் போட்டோவுல கருப்பே இல்ல."

தங்கமணி சமையல்கட்டுலேர்ந்து சிரிச்ச சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனா பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு. ராத்திரியிலேர்ந்து மை அழியுது, மை அழியுதுன்னு புலம்பினேனே தவிர, எந்த மைன்னு பார்க்கவேயில்ல.

விஷயம் இதுதான். எங்க பிரிண்டர் மாதிரி நாலு தொட்டி வெச்ச வீட்டு பிரிண்டர்கள் பலதுல மூணு கலரும் ஒரு ரகம், கருப்பு வேற ரகம். கலரெல்லாம் சாயம், அதாவது டை. தண்ணியில சர்க்கரை மாதிரி கரைஞ்சிருக்கும். கருப்பு மட்டும் பிக்மென்ட். கரையாத பொடித்துகள், திருநீறு கலக்கின தண்ணி மாதிரி. சாதாரணப் பேப்பர்ல அந்தத் துகள் நாருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு எழுத்து நல்லா கூர்மையா நிக்கும், ஈரம் பட்டாலும் லேசுல பரவாது. ஆனா பளபள போட்டோ பேப்பர் பூச்சுல இருக்கிற துளைகள் படு பொடிசு. சாயம் உள்ள இறங்கிடும். துகள் இறங்காது, மேலயே குந்திக்கிட்டிருக்கும். ஒரு மணி நேரம் இல்ல, ஒரு நாள் காயவெச்சாலும் தொட்டா வந்துடும். (பிக்மென்ட்லயே போட்டோ போடற பெரிய பிரிண்டர்கள் உண்டு. அதுல பொடிக்கு மேல ரெசின் பூசி, ஒட்டிக்கிற மாதிரி பண்ணியிருப்பாங்க. நம்ம டப்பா அந்த ரகம் இல்ல.)

சரி, அப்போ போட்டோவுக்குக் கருப்பு எங்கேர்ந்து வரும்? பேப்பர் வகையில "போட்டோ பேப்பர்"னு சொன்னா பிரிண்டர் கருப்புத் தொட்டியைத் தொடவே தொடாது. மூணு கலரையும் கலந்து கருப்பு மாதிரி ஒண்ணைப் பண்ணிக்கும். "சாதாரணப் பேப்பர்"னு சொன்னா பிக்மென்ட் கருப்பை அள்ளித் தெளிக்கும். நான் யார்கிட்ட என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலை. போன்லேர்ந்து அனுப்பினேன். அந்த ஆப் தானா "சாதாரணப் பேப்பர்"னு வெச்சிருக்கு, நான் பார்க்கலை. அஞ்சு ஷீட், நாலு கிளீனிங், ஒரு நாள் லீவு. அவ்வ்வ்.

மிச்சப் பாதி ஷீட்டை எடுத்தேன். படத்தை லேப்டாப்புக்கு மாத்தி, பேப்பர் வகையில பளபள போட்டோ பேப்பர்னு வெச்சு, மீசையை மட்டும் வெட்டி அடிச்சேன். பத்து நிமிஷம் கழிச்சுத் தேய்ச்சேன். அசையலை. ஒரு நாள்கூட மீசைக்கு டை அடிக்காத மனுஷன். இங்க டை அடிச்சாத்தான் மீசை நிக்கும்னு ஆயிடுச்சு. அம்மாகிட்ட இந்த ஜோக்கைச் சொல்லலாமான்னு யோசிச்சேன். சொல்லலை.

ஒரே ஒரு குறை. மூணு கலர் கலந்த கருப்பு, முழுக் கருப்பு இல்ல. ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தா மீசை லேசா காப்பிக் கலர் அடிச்சுது. பரவாயில்லன்னு விட்டேன். (விட்டிருக்கக் கூடாது. பின்னாடி வரேன்.)

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். சனிக்கிழமை விடிஞ்சா ஊத்து ஊத்துன்னு மழை. ஆறாவது ஷீட்டை முழு ஏ4ல ஓரமே விடாம போட்டேன். மீசை கல்லு மாதிரி நின்னுது. ஆனா அடியில, வேட்டிக் கரைகிட்ட, குறுக்கால நாலஞ்சு அழுக்குக் கோடு. கீழ் மூலை ரெண்டுலயும் எல்லாக் கலரும் சேர்ந்த தீற்றல். ஏழாவது ஷீட்டும் அப்படியே.

இந்தத் தடவை கையை வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்து பார்த்தேன். எங்க? அடியில மட்டும். எந்தத் திசையில? ஹெட் ஓடற திசையில. எந்தக் கலர்? எல்லாம். அப்போ இது மையோட பிரச்சினை இல்ல, ஹெட் பேப்பரை உரசுது. புது ஷீட் ஒண்ணை எடுத்து மேஜைமேல வெச்சேன். நாலு மூலையும் அப்பளம் மாதிரி மேல தூக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு ராத்திரியா பாக்கெட்டைப் பிரிச்சபடியே ஜன்னலோரம் வெச்சிருந்தேன். ஐப்பசி கார்த்திகை மெட்ராஸ் காத்துல கையை விட்டா நனையும். ஒரு பக்கம் பூச்சு ஈரத்தைக் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, சுருளாம என்ன பண்ணும்? ஹெட்டுக்கும் பேப்பருக்கும் நடுவுல இருக்கிறதே ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். பேப்பரோட கடைசிப் பகுதி வரும்போது பின்னாலேர்ந்து அழுத்திப் புடிக்கிற ரோலரும் விட்டுடுது. தூக்கின மூலை நேரா ஹெட்ல போய் இடிக்குது.

மூடியைத் திறந்து டார்ச் அடிச்சேன். முந்தின ரெண்டு ஷீட்லேர்ந்து வழிஞ்ச மை அடித்தட்டுல நின்னுது. ஓரம் விடாம அடிக்கும்போது பிரிண்டர் படத்தைப் பேப்பரைவிட ஒரு சுத்து பெருசாக்கி, விளிம்பைத் தாண்டியும் துப்பும். அதை வாங்கிக்கத்தான் அங்க பஞ்சு வெச்சிருக்காங்க. அதைச் சுத்தி இருந்த மையைக் காது குடையற பஞ்சுக்குச்சியை லேசா நனைச்சு ஒத்தி எடுத்தேன். அந்த உற்சாகத்துல ஹெட்டுக்குப் பின்னாடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீட்டியிருந்த ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் நாடாவையும் தொடைக்கப் போனேன். நல்லவேளை, கை நின்னுடுச்சு. ஹெட் தான் எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சுக்கறதே அந்த நாடாவுல இருக்கிற நுண்கோடுகளைப் படிச்சுத்தான். அதுல மையோ எண்ணெயோ பட்டா ஹெட் வழி தெரியாம போய்ச் சுவத்துல முட்டும். உங்க வீட்டு பிரிண்டர்லயும் அது இருக்கும், தொட்டுடாதீங்க.

சாதாரண வெள்ளைத் தாளை வெறுமனே நாலஞ்சு தடவை உள்ள விட்டு எடுத்தேன். முதல் தாள்ல ரோலர் கறை வந்துது, நாலாவதுல சுத்தம். போட்டோ பேப்பரை வளைஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா மெதுவா சுருட்டி, விட்டு, ஒரு மணி நேரம் டிக்‌ஷனரிக்கு அடியில வெச்சேன். செட்டிங்ல ஹெட்டைக் கொஞ்சம் தூக்கி ஓட்டறதுக்கு ஒரு வழி இருக்கும். சிலதுல தடிமன் பேப்பர்னு போட்டிருக்கும், சிலதுல பேப்பர் உரசலைத் தவிர்னு இருக்கும். அதை ஆன் பண்ணேன். ஓரம் விடாம அடிக்கிற வேலையையும் விட்டேன். எப்படியும் ஃபிரேம் மறைக்கப் போற இடம், அதுக்கு எதுக்கு மை.

எட்டாவது ஷீட் பதினோரு மணிக்கு வந்துது. யாரையும் கூப்பிடலை, தொடலை. ஃபேனை நேரா விடாம, கதவைச் சாத்திட்டு வெளிய வந்துட்டேன்.

சாயந்திரம் ஃபிரேம் கடை. கடைக்காரர் படத்தைக் கண்ணாடியோட ஒட்டினாப்ல வெச்சு அமுக்கப் போனார். "அண்ணே, நடுவுல அட்டை மவுண்ட் வெச்சு இடைவெளி விடுங்க"ன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். டை மைக்குத் தண்ணி ஆகாது. நம்ம வீட்டுல படத்துக்கு மாலை போடுவோம், பூவுலேர்ந்து தண்ணி சொட்டும், சந்தனம் வைப்போம். கண்ணாடி கட்டாயம் வேணும், ஆனா பளபளப் பேப்பர் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டா அப்புறம் பிரிச்செடுக்க முடியாது. உண்மையில ஒரு நாள் முழுக்க, மேல ஒரு வெள்ளைத் தாளைப் போட்டுக் காயவிட்டுத்தான் கண்ணாடி போடணும். எனக்கு நேரமில்ல. அதோட பலன் ஒரு வாரத்துல தெரிஞ்சுது. மையில இருக்கிற, மெதுவா ஆவியாகிற சரக்கெல்லாம் கண்ணாடி உள்பக்கம் புகை மாதிரி படிஞ்சு நின்னுது. பிரிச்சுத் தொடைச்சு மாட்டினேன்.

ஞாயித்துக்கிழமை படையல். பழைய கோட்டு போட்ட அப்பா பரணுக்குப் போக, பிளாஸ்டிக் சேர் அப்பா சுவத்துக்கு வந்தார். அம்மா சந்தனம் வெச்சுட்டு அங்கயே நின்னாங்க. நான் திரும்பிக்கிட்டேன்.

சித்தப்பா வந்தார். படத்துக்கிட்ட போய்க் கண்ணாடியைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டிப் பார்த்தார்.

"அண்ணி, அண்ணன் மீசைக்கு டை அடிப்பாருன்னு நான் அப்பவே சொன்னேன்ல. பாருங்க, வெளுத்து காப்பிக் கலர்ல தெரியுது."

"ஏன் தம்பி, அவரு கூட நாப்பத்தி மூணு வருஷம் இருந்தது நானா நீங்களா?" அம்மா புடிச்சுக்கிட்டாங்க. "ஒரு நாள் அடிச்சிருப்பாரா? அது இவன் பிரிண்டர் கோளாறு. டேய், சொல்லுடா சித்தப்பாகிட்ட!"

சாதம் ஆறிப் போற வரைக்கும் பிக்மென்டையும் டையையும் சித்தப்பாவுக்கு விளக்கினேன். அவர் கடைசி வரைக்கும் நம்பலை. ஒரு வருஷத்துல அம்மா அவ்வளவு சத்தமா பேசி அன்னிக்குத்தான் கேட்டேன்.

பீரோ மேல ஏழு பேரும் இன்னும் இருக்காங்க. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, "அதை என்னம்மா பண்றது?"ன்னு கேட்டுப் பார்த்தேன்.

"மேலதானே இருக்கு. உன்னை என்ன பண்ணுது?"

பி.கு.: நண்பனுக்கு எல்லாக் கலருமே ஈஷுதாம், மை முத்து முத்தா நிக்குதாம். விரலை நனைச்சு மூலையில தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒட்டலை. பேப்பரைத் திருப்பிப் போட்டிருக்கான், பக்கி.